பட்டைச் சுருள் பிரெட்டில் விழுந்த பொந்து: மதுரைச் சமையலறை ஒன்றில் நான்கு முயற்சிகள்

மேல்தோலைத் தாண்டியதும் கத்தி தடையேதும் இல்லாமல் ஒரு விரற்கடை கீழே இறங்கியது. வெட்டிய துண்டைத் தட்டில் படுக்கவைத்துப் பார்த்தபோது, பொன்னிறமான மேலோடு வில்லாக வளைந்து தனியே நிற்க, அதன் கீழே பிறை வடிவில் ஒரு பொந்து தெரிந்தது. ஆள்காட்டி விரல் தாராளமாக நுழையும் அகலம். பொந்தின் கூரையில் பட்டைத்தூள் ஈரமாக அப்பியிருந்தது. உள்ளே தூவிய நாட்டுச் சர்க்கரையில் பெரும்பகுதி பாகாக வழிந்து அடிப்பக்கம் சேர்ந்து, கடலை மிட்டாய்ப் பாகுபோல் கருத்து இறுகியிருந்தது. துண்டைக் கையில் தூக்கியவுடன் சுருட்டிவைத்த பாய் அவிழ்வதுபோல் சுருள் அவிழ்ந்து தொங்கியது.

நாவுக்கு அதில் பெரிய குறை இல்லை. வீட்டில் எல்லோரும் தின்றுதீர்த்தார்கள். ஆனாலும் சுருள் பிரெட் என்பது வெட்டிய துண்டின் முகத்தில் சுருள் தெரிந்து, அந்தத் துண்டு ஒரே துண்டாகக் கையில் நிற்க வேண்டிய பண்டம். அந்தப் பொந்து ஏன் விழுகிறது, எதை மாற்றினால் மூடுகிறது என்பதை நான்கு பிரெட்டுகளில் தேடிய விவரமே இந்த ஆய்வு.

சமையலறையும் பொருள்களும்

மேற்குப் பார்த்த சிறிய சமையலறை. மே மாதப் பிற்பகல்களில் சுவரில் மாட்டிய வெப்பமானி 35 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்காது. அடுப்பு, மேலே இரண்டும் கீழே இரண்டுமாகச் சூடேறும் கம்பிகள் கொண்ட 30 லிட்டர் ஓடிஜி. டின், 9 அங்குல நீளமும் 5 அங்குல அகலமும் உள்ள சாதாரண அலுமினிய டின். அம்மா முட்டை தொடமாட்டார் என்பதால் மாவிலும் முட்டை இல்லை, மேலே பூசவும் முட்டை இல்லை. இந்தக் கட்டுப்பாடு பின்னால் முக்கியமானது. ஏனெனில் சுருளின் ஏடுகள் ஒட்டுவதற்கு வெளிநாட்டுச் சமையல் குறிப்புகள் முதலில் சொல்லும் வழி, மாவின்மேல் அடித்த முட்டையைப் பூசுவதுதான்.

மாவின் அளவுகள் நான்கு முறையும் மாறவில்லை. மைதா 320 கிராம், பால் 220 மில்லி, சர்க்கரை 40 கிராம், வெண்ணெய் 35 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 4 கிராம். நம் கடைகளில் எளிதில் கிடைப்பது உப்புச் சேர்த்த மஞ்சள் வெண்ணெய் என்பதால், வழக்கமாக 5 அல்லது 6 கிராம் போடும் உப்பை 4 கிராமாகக் குறைத்தேன். நான் வாங்கிய மைதா உறையில் 100 கிராமுக்குப் புரதம் 10 கிராம் என்று அச்சிட்டிருந்தது. பிரெட்டுக்கென்றே விற்கும் வெளிநாட்டு மாவில் இது 12, 13 வரை போகும். புரதம் குறைந்த மாவு குறைவாகவே நீர் குடிக்கும் என்பதால், அந்நியக் குறிப்புகளின் பால் அளவை அப்படியே ஊற்றினால் நம் மைதா பிசின்போல் கையில் அப்பிக்கொள்ளும். 320 கிராமுக்கு 220 மில்லி என்பது ஒட்டியும் ஒட்டாமலும் கையைவிட்டு வரும் பதம். பாலைக் காய்ச்சி ஆறவைத்தே சேர்க்க வேண்டும். காய்ச்சாத பாலிலுள்ள மோர்ப்புரதங்கள் பிரெட் மாவைத் தளர்த்தக்கூடியவை. வாங்கியவுடன் பாலைக் காய்ச்சிவிடும் நம் வீடுகளில் இந்த எச்சரிக்கைக்கு வேலையே இல்லை.

மென்மைக்காக ஒரு வேலை உண்டு. மொத்த மைதாவில் 20 கிராமை எடுத்து 100 மில்லி பாலில் கட்டியில்லாமல் கரைத்து, சிறுதீயில் கிளறிக்கொண்டே இருந்தால், 65 டிகிரி அளவில் அது திடீரென்று இறுகிக் கூழாகும். கரண்டி இழுத்த தடம் பாத்திரத்தில் நிற்கும். ஒரு பங்கு மாவுக்கு ஐந்து பங்கு நீர் அல்லது பால் என்ற இந்த முறையைச் சீனப் பெயரால் டாங்ஜோங் என்கிறார்கள். ஜப்பானியர்களிடம் மாவில் சம எடை கொதிநீரை ஊற்றிக் கிளறும் யுடானே என்ற முறை உண்டு. கொழுக்கட்டை மாவில் கொதிநீரை ஊற்றிக் கிளறுகிறவர்களுக்கு இதன் தத்துவத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை: மாவுச்சத்து வெந்து ஊதும்போது பச்சை மாவைவிடப் பல மடங்கு நீரைப் பிடித்துவைத்துக்கொள்கிறது, அந்த நீர் வெந்த பின்னும் பிரெட்டுக்குள்ளேயே தங்குவதால் மூன்றாம் நாளும் துண்டு காய்வதில்லை. சுவரொட்டி ஒட்டுவதற்குக் காய்ச்சும் மைதாப் பசையும் இதுவேதான். அந்தப் பசை இந்தக் கதையில் இன்னொரு முறை வரும்.

முதல் இரண்டு பிரெட்டுகள்

முதல் பிரெட்டுக்கு, பிசைந்த மாவைக் குறிப்பில் சொன்னபடி ஒன்றேகால் மணி நேரம் மூடிவைத்தேன். பிறகு 22 சென்டிமீட்டர் அகலமும் 40 சென்டிமீட்டர் நீளமும் வரும்படி பூரிக்கட்டையால் தேய்த்து, உருக்கிய வெண்ணெயைத் தாராளமாகத் தடவினேன். அதன்மேல் 80 கிராம் நாட்டுச் சர்க்கரையும் இரண்டு தேக்கரண்டி பட்டைத்தூளும் மூன்று ஏலக்காயின் பொடியும் கலந்து தூவி, சுருட்டி டின்னில் வைத்தேன். டின்னின் விளிம்புக்கு மேலே இரண்டு அங்குலம் எழும்பிய பின்தான் அடுப்பில் ஏற்றினேன். அந்த எழுச்சியைப் பார்த்து மகிழ்ந்தேன் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். 180 டிகிரியில் திருகிய ஓடிஜியில் 15 நிமிடத்திலேயே மேல்தோல் சிவந்தது. 28ஆவது நிமிடத்தில் வெளியே எடுத்துத் தட்டிப் பார்த்தேன்; கலகலவென்று வெற்றுப் பானைபோல் ஒலித்தது, வெந்துவிட்டது என்று நினைத்தேன். உள்ளே பொந்து இருந்தால் எந்தப் பிரெட்டும் வெற்றுப் பானைபோல்தான் ஒலிக்கும் என்பது அப்போது தோன்றவில்லை.

முதல் சந்தேகம் சுருட்டிய கை மீது விழுந்தது. தளர்வாகச் சுருட்டியதால் காற்று உள்ளே அடைபட்டிருக்கும் என்று எண்ணி, இரண்டாவது முறை ஒவ்வொரு சுற்றிலும் மாவை இழுத்து இழுத்து, கோரைப்பாயைக் கட்டுவதுபோல் இறுக்கினேன். வாசம் போதவில்லை என்று வீட்டில் ஒரு குரல் எழுந்ததால், பிசையும் மாவிலும் ஒரு மேசைக்கரண்டி பட்டைத்தூள் சேர்த்தேன். இரண்டு மாற்றங்களை ஒரே நேரத்தில் செய்ததுதான் இதிலுள்ள தவறு. எது எதைக் கெடுத்தது என்று பிரித்தறிய முடியாத நிலையை நானே உண்டாக்கிக்கொண்டேன்.

அந்த மாவு எழும்ப மறுத்தது. அதே வெக்கையில், அதே ஈஸ்ட்டில், முதல் மாவு ஒன்றேகால் மணி நேரத்தில் மூன்று மடங்கான இடத்தில் இது ஒன்றரை மடங்கோடு நின்றது. பட்டையின் மணத்துக்குக் காரணமான சின்னமால்டிஹைடு நுண்ணுயிர்களை அடக்கக்கூடிய பொருள். ஈஸ்ட்டும் ஒரு நுண்ணுயிர்தானே. உள்ளே தூவும் பூரணத்தில் இருந்தால் அது தொடும் ஏட்டின் மேற்பரப்பை மட்டும் சற்று மந்தப்படுத்தும், மாவு முழுவதும் கலந்தால் எழுச்சியையே பிடித்துவைக்கும். நம் மளிகைக் கடைகளில் பட்டை என்று கிடைப்பது பெரும்பாலும் கெட்டியான, ஒற்றை ஏடாக வளைந்த காசியா. இலங்கையில் கறுவா என்று சொல்கிற, மெல்லிய ஏடுகள் சுருட்டுபோல் அடுக்கியிருக்கும் பட்டையைவிட இதில் காரமும் சின்னமால்டிஹைடும் கூடுதல். மாவுக்குள்ளே மணம் வேண்டுமென்றால் ஏலக்காய்ப் பொடியோடு நிறுத்திக்கொள்வதே நல்லது என்று முடிவுசெய்தேன்.

இறுக்கிச் சுருட்டியதன் விளைவு வேறு விதமாக வந்தது. அடுப்பில் உப்ப இடமில்லாத மாவு, டின் விளிம்பை ஒட்டிப் பக்கவாட்டில் வெடித்து, நடுச்சுற்று குமிழாக வெளியே தள்ளியது. வெட்டிப் பார்த்தால், பொந்து அதே இடத்தில், அதே பிறை வடிவில். சற்றுச் சிறிதாகியிருந்தது, அவ்வளவே. ஆக, கையின் இறுக்கம் காரணமென்றால் இரண்டாவது பிரெட்டில் பொந்து மறைந்திருக்க வேண்டும். மறையவில்லை.

பரோட்டாக் கடையில் கிடைத்த விடை

தெருமுனையில் இரவு மட்டும் திறக்கும் பரோட்டாக் கடை ஒன்று உண்டு. பார்சலுக்காக நின்ற ஓர் இரவு, மாஸ்டர் உருண்டையை எண்ணெயில் புரட்டி, கல்மேடையில் வீசி வீசித் துணிபோல் விரித்து, மடித்து, சுருட்டி வைப்பதைப் பார்த்துக்கொண்டே, என் பிரெட் கதையைப் பேச்சுவாக்கில் சொன்னேன். கையை நிறுத்தாமலே அவர் சொன்னார்: “எண்ணெயத் தடவிச் சுருட்டுனா லேயரு பிரியத்தானேக்கா செய்யும், அதுக்குத்தானே தடவுறதே.”

பரோட்டாவும் மைதாதான், அதுவும் சுருள்தான். சுருட்டுவதற்கு முன் எண்ணெயோ டால்டாவோ தடவுவதன் நோக்கம், மாவு மாவோடு ஒட்டாமல் ஒவ்வோர் ஏடும் தனித்து நிற்பது. கல்லில் வெந்த நான்கைந்து பரோட்டாவை அடுக்கி இரண்டு கையாலும் அடிக்கும்போது அவை மலர்ந்து பிரிவது அந்த எண்ணெய்ப் படலத்தால்தான். நான் செய்தது அதேதான்: மாவை விரித்தேன், உருக்கிய வெண்ணெயைத் தடவினேன், சுருட்டினேன், பிறகு ஏடுகள் ஏன் பிரிந்தன என்று கேட்டேன். பிறந்ததிலிருந்து பரோட்டா தின்கிற ஊரில் இருந்துகொண்டு இதைக் கவனிக்கத் தவறியதை நினைத்தால் இப்போதும் கூச்சமாகத்தான் இருக்கிறது.

வெண்ணெய் தடவும் பழக்கம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று யோசித்தால், அது பன் செய்யும் குறிப்புகளிலிருந்து வந்தது. ஸ்வீடன் நாட்டில் பட்டைப் பன் அன்றாடத் தின்பண்டம்; 1999 முதல் அக்டோபர் 4ஆம் நாளை அதற்கென்றே கொண்டாடுகிறார்கள். அந்தப் பன்னில் வெண்ணெயும் சர்க்கரையும் பட்டையும் குழைத்துத் தடவித்தான் சுருட்டுகிறார்கள். ஆனாலும் அங்கே பொந்து விழுவதில்லை. சுருளைத் துண்டுபோட்டு, வெட்டிய முகம் மேலே பார்க்க வைத்து வேகவிடுவதால் நீராவி ஏடுகளின் நடுவே நேராக வெளியேறிவிடுகிறது, சற்றே பிரிந்தாலும் பிரித்துத் தின்பதற்கு அது வசதியாகிறது. அதே சுருளை வெட்டாமல் படுக்கவைத்து வேகவிட்டால் ஆவிக்கு வெளியே போக வழியில்லை. மூடிய பாத்திரத்தின் தட்டைப்போல் மேல் சுற்றைத் தூக்கிப் பிடிக்கும். பன்னின் பூரணத்தைப் பிரெட்டில் வைத்ததுதான் மூலத் தவறு.

ஒரே பிரெட்டில் இரண்டு பாதி

வெண்ணெயை நீக்குவது என்று முடிவானது. அதற்குப் பதிலாக, விரித்த மாவின்மேல் ஒரு மேசைக்கரண்டி பாலை விரல்களால் தொட்டுத் தொட்டு ஈரப்படுத்துவது என்று வைத்துக்கொண்டேன். ஆனால் கொழுப்பு ஒன்றுதான் காரணமா என்பதில் ஐயம் இருந்தது. அடிப்பக்கம் தேங்கிய பாகு வேறொன்றைச் சொல்லியது. சர்க்கரை நீரை இழுக்கும். நாட்டுச் சர்க்கரையோ இயல்பிலேயே ஈரப்பசை உள்ளது, வெள்ளைச் சர்க்கரையைவிட விரைவில் இளகுவது. சுருட்டிய மாவு இறுதியாக எழும்பும் ஒரு மணி நேரத்தில், ஏட்டுக்கும் ஏட்டுக்கும் நடுவே உள்ள சர்க்கரை மாவின் ஈரத்தை உறிஞ்சிப் பாகாகிவிடுகிறது. அடுப்பின் சூட்டில் அந்தப் பாகின் நீர் ஆவியாகி, இருக்கிற சிறு இடைவெளியைப் பெரிய இடைவெளியாக்குகிறது. எஞ்சிய பாகு கீழே வடிகிறது.

இதற்கு மருந்து, அந்த நீரைக் கட்டிப்போடும் ஒரு பொருள். சுவரொட்டிப் பசை நினைவுக்கு வந்தது இங்கேதான். பூரணத்தில் கொஞ்சம் சோளமாவு, அதாவது கடைகளில் கார்ன்ஃப்ளார் என்று கேட்டு வாங்கும் வெள்ளை மாவு, கலந்தால் அது சர்க்கரையிலிருந்து கசியும் நீரைக் குடித்து, சூடேறியதும் கூழாகி, ஒரு ஏட்டை இன்னோர் ஏட்டோடு ஒட்டும். கருத்தளவில் சரி, உண்மையிலும் சரியா என்று பார்க்க, மூன்றாவது பிரெட்டை இரண்டு பாதியாகப் பிரித்தேன். விரித்த மாவின் இடது பாதியில் 40 கிராம் நாட்டுச் சர்க்கரையோடு ஒரு தேக்கரண்டி பட்டைத்தூளும் இரண்டு தேக்கரண்டி சோளமாவும். வலது பாதியில் அதே சர்க்கரை, அதே பட்டை, சோளமாவு இல்லாமல். இரண்டு பாதிக்கும் ஒரே மாவு, ஒரே கை, ஒரே டின், ஒரே சூடு. எந்தப் பக்கம் எது என்று மறந்துபோகாமலிருக்க டின்னின் இடது ஓரத்தில் ஒரு கிராம்பைக் குத்திவைத்தேன்.

வெட்டியபோது வலப்பக்கத் துண்டுகளில் மேல் சுற்றின் கீழே அரை விரல் அகலத்தில் பொந்து இருந்தது. பாகு வழிந்த தடம் கரும்பழுப்புக் கோடாக அடிவரை ஓடியிருந்தது. இடப்பக்கம், கிராம்பு இருந்த பக்கம், பொந்து ஒரு நூல் அளவுக்கு மெலிந்து, சில துண்டுகளில் முழுக்கவே மூடியிருந்தது. சுருளின் கோடு பளபளக்காமல் மங்கலாக, அல்வா விளிம்புபோல் திண்ணென்று நின்றது. துண்டின் ஒரு முனையைப் பிடித்து மெல்ல இழுத்துப் பார்த்தேன். வலப்பக்கத் துண்டு சுருளின் கோட்டில் விட்டுப்போனது. இடப்பக்கத் துண்டு கோட்டில் விடாமல், பிரெட் இருக்கும் இடத்தில் நார் நாராகக் கிழிந்தது. ஏடு ஒட்டியதற்கு இதைவிடத் தெளிவான சான்றை வீட்டுச் சமையலறையில் பெற முடியாது.

சோளமாவைக் கூட்டினால் இன்னும் நன்றாக ஒட்டுமோ என்ற ஆசை வரும். வேண்டாம். கூடிவிட்டால் பூரணம் நாவில் மாவாகத் தட்டுப்படும், பட்டையின் மணம் மங்கும். 80 கிராம் சர்க்கரைக்கு ஒரு மேசைக்கரண்டியும் அதற்குச் சற்று மேலும் போதும். அது இல்லாத வீட்டில் மைதாவையே அதே அளவு போடலாம், ஒட்டும்.

கடிகாரமும் வெயிலும்

சோளமாவு இட்ட பாதியிலும் நூலளவு இடைவெளி எஞ்சியதற்குக் காரணம் நேரம். ஒன்றேகால் மணி நேரம் என்று எழுதியவரின் சமையலறை 22, 24 டிகிரியில் இருந்திருக்கும். 35 டிகிரியில் அதே ஈஸ்ட் அரை மணி, நாற்பது நிமிடத்தில் மாவை இரட்டிப்பாக்கிவிடும். அதன் பிறகும் மூடிவைத்தால் மாவு கள்போல் புளித்த வாடை எடுத்து, உள்ளே உள்ள காற்றறைகளின் சுவர் மெலிந்து, தொட்டால் பெருமூச்சு விட்டு அமுங்கும். தோசை மாவைக் கோடையில் இரவு முழுக்க வெளியே வைக்காத நாம், பிரெட் என்றதும் கடிகாரத்தை நம்புகிறோம்.

சுருள் பிரெட்டில் இந்தத் தவறு இரட்டிப்பாக வெளிப்படும். அளவுக்கு மீறி எழுந்த மாவு அடுப்பின் முதல் பத்து நிமிடத்தில் மேலும் உப்பி, கூரையை உச்சிக்குத் தூக்குகிறது. ஓடிஜியில் மேல்கம்பி பிரெட்டுக்கு மிக அருகில் இருப்பதால் அந்தக் கூரை அங்கேயே இறுகித் தோலாகிவிடுகிறது. உள்ளே இருக்கும் வேகாத பகுதி தன் கனம் தாங்காமல் சற்றுக் கீழே அமர்கிறது. கூரை கூடவே இறங்க முடியாது. இரண்டும் பிரியும் இடம் எது என்றால், ஏற்கெனவே ஒட்டுக் குறைந்த இடமான முதல் சுற்றின் கோடுதான். பொந்து எப்போதும் மேல்தோலுக்கு ஒரு சுற்றுக் கீழேயே விழுவதற்கு இதுதான் விளக்கம்.

அடுப்பின் சூட்டையும் நம்ப முடியாது. ஓடிஜிக்குள் தொங்கவிடும் சிறு வெப்பமானி ஒன்றை வாங்கி வைத்தபோது, திருகு 180 காட்டுகையில் உள்ளே 205க்கும் 210க்கும் இடையில் ஊசி நின்றது. மூன்று பிரெட்டையும் தேவைக்கு மேல் 25 டிகிரிச் சூட்டில் சுட்டிருக்கிறேன் என்பது அன்றுதான் தெரிந்தது. என்னுடைய ஓடிஜியின் பிழை இது, மற்றவர்களுடையது எதிர்த்திசையிலும் பிழை காட்டலாம்; அந்த வெப்பமானி இல்லாமல் யாருடைய குறிப்பையும் பின்பற்றுவதில் பொருளில்லை.

நான்காவது பிரெட்

பாலைக் குளிர்பதனப் பெட்டியிலிருந்து நேரே எடுத்து ஊற்றினேன், கூழையும் ஆறவைத்துச் சேர்த்தேன். பிசையும் கையின் சூடும் வெக்கையும் சேர்ந்து மாவை எப்படியும் சூடாக்கிவிடும். வெண்ணெயைக் கடைசியில், மாவு ஓரளவு இழுபட்ட பிறகு, சிறிது சிறிதாகச் சேர்த்துப் பதினைந்து நிமிடம் பிசைந்தேன். ஒரு கோலி அளவு மாவைக் கிள்ளி இரு கை விரல்களால் விரித்தால், கிழியாமல் சவ்வுபோல் மெலிந்து, பின்னாலுள்ள விரல் நிழலாகத் தெரிய வேண்டும். மைதாவில் இந்தப் பதம் வர மாவு தளர்வாக இருப்பதும், அவசரப்படாமல் இருப்பதும் முக்கியம்; இடையில் ஐந்து நிமிடம் மூடி வைத்துவிட்டுத் தொடர்ந்தால் பாதி வேலையை மாவே செய்துகொள்ளும்.

இரவு ஒன்பது மணிக்கு மாவை மூடிய பாத்திரத்தில் குளிர்பதனப் பெட்டிக்குள் வைத்துவிட்டேன். காலை ஆறு மணிக்கு அது மெதுவாக இரட்டித்திருந்தது. குளிர்ந்த மாவைத் தேய்ப்பதில் இன்னொரு வசதி உண்டு: வெண்ணெய் இறுகியிருப்பதால் பூரிக்கட்டையில் ஒட்டாது, பலகையில் மைதா தூவ வேண்டிய தேவையே பெரும்பாலும் வராது. உலர் மைதா தூவிய பரப்பும் எண்ணெய் தடவிய பரப்பைப்போல் ஒட்ட மறுப்பதே என்பதால், தூவியிருந்தால் சுருட்டுவதற்கு முன் கையால் துடைத்துவிட வேண்டும். நீள்சதுரமாகத் தேய்த்து, பால் தொட்டு ஈரமாக்கி, சோளமாவு கலந்த பூரணத்தைச் சீராகப் பரப்பி, நான்கு விளிம்பிலும் ஒரு விரல் இடம் விட்டு, பூரணத்தின்மேல் பூரிக்கட்டையை ஒரு முறை மெல்ல உருட்டி அழுத்தினேன். பிறகு இறுக்காமல், தொய்வும் விடாமல், நான்கு சுற்றாகச் சுருட்டி, முடிவு விளிம்பைக் கிள்ளி ஒட்டி, அந்த ஒட்டு அடியில் வரும்படி டின்னில் இறக்கினேன்.

எழுச்சிக்குக் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. மாவின் உச்சி டின் விளிம்பைத் தாண்டி ஒரு சென்டிமீட்டர் எழுந்ததும் விரலால் இலேசாக அமுக்கினேன். குழி மெதுவாக மேலே வந்து, பாதித் தடம் எஞ்சி நின்றது. அதுதான் அடுப்பில் ஏற்றும் நேரம். குழி உடனே மறைந்தால் பொறுக்க வேண்டும், மறையவே இல்லையென்றால் பிந்திவிட்டது. காலை வேளையில் 29 டிகிரியில் இதற்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலாயிற்று.

ஏற்றுவதற்கு முன் செய்த ஒரு வேலையை ஸ்லோவேனிய நாட்டாரிடமிருந்து எடுத்துக்கொண்டேன். அவர்களின் பொத்தீட்சா, மெல்லத் தேய்த்த மாவில் அரைத்த வால்நட் பூரணத்தைப் பரப்பிச் சுருட்டி, வட்ட அச்சில் சுடும் பண்டிகைப் பண்டம். அதன் செய்முறைக்கு 2021இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் பாரம்பரியப் பாதுகாப்புப் பதிவு கிடைத்தது. பல சுற்றுகள் கொண்ட அந்தச் சுருளில் பொந்து விழாமலிருக்க, சுடுவதற்கு முன் மெல்லிய குச்சியால் அடிவரை பல இடங்களில் குத்திவிடுவது அவர்கள் வழக்கம். பல்குத்தும் குச்சியால் நானும் பத்துப் பன்னிரண்டு இடங்களில் குத்தினேன். மாவின் எழுச்சி ஒரு முடியளவும் குறையவில்லை. ஆவிக்கு வழி கிடைத்தது.

ஓடிஜியின் உள் வெப்பமானி 175 காட்டும்படி திருகை 150க்குக் குறைத்து, டின்னைக் கீழ்த்தட்டில் வைத்தேன். 18ஆவது நிமிடத்தில் மேல்தோல் பொன்னிறமானதும் அலுமினியம் ஃபாயிலைக் கூடாரம்போல் தளர்வாக மூடினேன். 38ஆவது நிமிடத்தில் குத்திப் பார்க்கும் வெப்பமானி நடுப்பகுதியில் 92 டிகிரி காட்டியது. வெண்ணெயும் சர்க்கரையும் சேர்ந்த பிரெட்டுக்கு 88க்கு மேல் வந்தால் வெந்துவிட்டது என்று பொருள்; தட்டிப் பார்க்கும் முறையை அன்றோடு கைவிட்டேன். டின்னிலிருந்து உடனே எடுத்துக் கம்பித்தட்டில் வைத்து, இரண்டு மணி நேரம் யாரையும் தொடவிடாமல் காத்ததுதான் இந்த நான்கு முயற்சியிலும் கடினமான பகுதி. சூட்டோடு வெட்டினால் உள்ளே இன்னும் இறுகாத மாவுச்சத்து கத்தியில் அப்பி, மூடிய சுருளும் இழுபட்டுத் திறந்துகொள்ளும்.

பன்னிரண்டு துண்டுகள் வந்தன. பதினொன்றில் சுருள் முழுமையாக மூடியிருந்தது. ஒரு முனைத் துண்டில் மட்டும், மேல் சுற்றில் அரிசிமணி அளவுக்கு ஓர் ஓட்டை. அந்த முனையில் பூரணம் விளிம்புவரை போயிருந்தது, ஒரு விரல் இடம் விடத் தவறியிருந்தேன். அன்றிரவு பரோட்டாக் கடை மாஸ்டருக்கு இரண்டு துண்டு கொண்டுபோனேன். தின்பதற்கு முன் சுருளின் முனையை நகத்தால் நெம்பிப் பிரிக்கப் பார்த்தார், வரவில்லை. “எண்ணெய விட்டுட்டீங்களா?” என்று மட்டும் கேட்டார்.

எஞ்சிய துண்டுகள்

கோடையில் பிரெட்டை வெளியே வைத்தால், குறிப்பாக உள்ளே இனிப்புப் பூரணம் இருந்தால், மூன்றாம் நாள் பூஞ்சை பிடிக்கும். அதற்குப் பயந்து குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைப்பது இன்னும் மோசம்: வெந்த மாவுச்சத்து மீண்டும் இறுகிச் சொரசொரப்பாவது அந்தக் குளிரில்தான் மிக வேகமாக நடக்கிறது, காய்ச்சிய கூழ் சேர்த்ததன் பயனும் அங்கே வீணாகும். இரண்டு நாளைக்கு வேண்டியதை டப்பாவில் வெளியே வைத்துவிட்டு, மீதித் துண்டுகளை நடுவில் பட்டர் பேப்பர் வைத்து உறைபதனப் பகுதியில் அடுக்கிவிடுவதே சரி. எடுத்த துண்டை உருகவிடத் தேவையில்லை. தோசைக்கல்லைச் சிறுதீயில் வைத்து, துளி நெய் தடவி நேரே போடலாம். முதல் பிரெட்டின் துண்டுகளை இப்படிப் போட்டபோது சுருள் அவிழ்ந்து, பாகு கல்லில் வழிந்து கருகி, அடுத்த இரண்டு நாள் தோசையெல்லாம் பட்டை வாசம் அடித்தது. நான்காவது பிரெட்டின் துண்டைத் தோசைத் திருப்பியால் புரட்டினேன். அப்படியே முழுதாகப் புரண்டது, கல்லும் சுத்தமாக இருந்தது.